வெட்டை நிலத்தில் ஒன்பது குழி

மழை விட்ட மறுநாள் காலையில்தான் அந்தக் கோல்ப் மைதானத்துக்கு மூன்றாவது தடவையாகப் போனேன். டிசம்பர் நடுப்பகுதி. இரண்டு இரவும் ஒரு பகலும் விடாமல் ஊற்றியிருந்தது. வாழைச்சேனையிலிருந்து வாகரைப் பக்கம் போகும் வழியெல்லாம் வயல் எது, வீதியோரப் பள்ளம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. மைதானமும் குளமாகத்தான் கிடக்கும், கேட்டடியோடு திரும்ப வேண்டி வரும் என்று நினைத்துக்கொண்டே போனேன். உள்ளே போய் மூன்றாம் குழிக் கிரீனில், அதாவது குழியும் கொடியும் இருக்கும் தாழ வெட்டிய புல்தரையில், ஏறி நின்றால், காலுக்குக் கீழே புல் ஈரமாக இருந்ததே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. பின்பக்கம் பள்ளத்துக்குள் தண்ணீர் இறங்கிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. இதை எழுத வேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். கோடையில் மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் அரைவாசி விஷயத்தைத்தான் எழுதியிருப்பேன்.

இடத்துக்கு இன்னும் பெயர்ப்பலகை இல்லை. ஊரில் "பந்தடி வளவு" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகளும் வழி காட்டுவார்கள். திருகோணமலை வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாகக் கிறவல் பாதையில் உள்ளே போக வேண்டும். ஓட்டோ தாராளமாகப் போகும். ஒன்பது குழி, மொத்தம் 2,445 யார், பார் 34, அதாவது நன்றாக ஆடுபவன் 34 தடவை அடித்து முடிக்க வேண்டிய கணக்கு. நிலம் 48 ஏக்கர். அதில் பாதி கைவிடப்பட்ட தென்னங்காணி, மற்றப் பாதி முன்மாரி வயல். உரிமையாளர் இந்தப் பக்கத்துக்காரர்தான். இருபது வருடத்துக்கு மேல் ஸ்கொட்லாந்தில் இருந்துவிட்டு வந்து, வெளியிலிருந்து எந்த வடிவமைப்பாளரையும் கூப்பிடாமல், தானே கீறித் தானே நின்று வெட்டுவித்த மைதானம்.

நான் யார், எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நான் பிறந்தது நுவரெலியாவில். பதினோரு வயதிலிருந்து பள்ளி விட்ட நேரங்களில் அங்கேயுள்ள கோல்ப் மைதானத்தில் ஆடுபவர்களின் பை தூக்கியவன். பைன் மரங்களுக்கு நடுவே ஓடைகள் குறுக்கறுத்துப் போகும் அந்த மைதானத்தில்தான் ஒரு பந்து எந்தச் சரிவில் எப்படி உருளும் என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். 83 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு மட்டக்களப்புக்கு வந்தோம். இங்கே எனக்குக் கிடைத்த வேலை மட்டக்கோல் பிடிப்பது. நில மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவிக்குப் பின்னால் அதிகாரி நிற்பார், நூறு அடி தள்ளிக் கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். உன்னிச்சைக் குளத்துக்குக் கீழேயுள்ள வயல்களிலும் அம்பாறையில் கல்லோயா இடதுகரை வாய்க்கால்களிலும் இருபத்தாறு வருடம் அப்படி நின்றிருக்கிறேன். பார்வைக்குத் தட்டுப்போலத் தெரியும் நிலத்தில் ஓரடி ஏற்ற இறக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை என் கால் சொல்லும். பை தூக்கிய வயதும் கோல் பிடித்த வயதும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது இந்த மைதானத்தில்தான். அதனால் இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மட்டமான நிலத்தில் நல்ல மைதானம் வராது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால் என்ன செய்கிறார்கள் என்றால், புல்டோசரை இறக்கி மண்ணை மலைபோலக் குவிக்கிறார்கள், இல்லாவிட்டால் நாலு பக்கமும் குளம் வெட்டுகிறார்கள். இரண்டும் செலவு. இரண்டும் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும். எங்கள் நாட்டிலேயே பழைய கோல்ப் கழகத்தின் மைதானமான கொழும்பு ரிட்ஜ்வே லிங்ஸ் ஏறக்குறைய மட்டமான நிலம்தான், அதன் நடுவே களனிவெளி ரயில் பாதை போகிறது. கோல்ப் பிறந்த ஊர் என்று சொல்லப்படும் செயின்ட் அன்ட்ரூஸ் பழைய மைதானத்தில் பெரிய மலையோ பள்ளமோ கிடையாது. கடற்கரை மணல்வெளி, சின்னச் சின்ன மேடுகள், 112 மணல்குழிகள், ஒரு ஓடை. அவ்வளவை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் திணறடிக்கிறது.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் எங்கள் தொழில்காரர். சேத் ரெய்னர் என்று ஒரு அமெரிக்கர். நில அளவையாளர், கோல்ப் ஆடுபவர் அல்ல. சார்ல்ஸ் பிளேர் மெக்டொனால்ட் என்பவர் நியூயோர்க்குக்குக் கிழக்கே லோங் ஐலண்டில் மைதானம் கட்டப் புறப்பட்டபோது நிலத்தை அளக்கத்தான் இவரைக் கூப்பிட்டார். அளக்க வந்தவர் கடைசியில் நாட்டின் பெரிய மைதான வடிவமைப்பாளர்களில் ஒருவராகிவிட்டார். சிகாகோவுக்குப் பக்கத்தில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத நிலத்தில் இருந்த மைதானத்தை 1923இல் அவர் திருத்தி அமைத்தார். சமநிலத்தில் எப்படிச் செய்வது என்று படிக்க விரும்புகிறவர்கள் இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள். கிரீனைக் கொஞ்சம் உயர்த்தி, ஓரங்களை வெட்டின வரம்புபோல நேராக இறக்கி, ஆட்டத்தின் சிக்கலையெல்லாம் அங்கே வைப்பது அவர் முறை. உரிமையாளர் இந்தக் கதையைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கோல் பிடித்தவனுக்கும் இந்த விளையாட்டில் ஓர் இடம் உண்டு என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் போன முதல் நாளே உரிமையாளர் என்னிடம், மைதானம் வெட்டுமுன் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறித்த மட்டப் படத்தை விரித்துக் காட்டினார். 48 ஏக்கரில் ஆக உயர்ந்த இடத்துக்கும் ஆகத் தாழ்ந்த இடத்துக்கும் நாலரை அடிதான் வித்தியாசம். "இத வச்சி என்ன செய்யலாம் அண்ணன்?" என்று கேட்டார். "தண்ணி எந்தப் பக்கம் போகுதெண்டு முதல்ல பாருங்க தம்பி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டு மாரி முழுக்கக் குடையோடு நின்று பார்த்துக் குறித்த இன்னொரு படத்தை எடுத்தார். எனக்கு அந்த இடத்திலேயே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

அவர் செய்த வேலையின் அடிப்படை அந்தப் படம்தான். வயலில் ஏற்கெனவே இருந்த வடிச்சல் வாய்க்காலை நிரப்பாமல் அப்படியே விட்டிருக்கிறார். ஒவ்வொரு ஃபெயார்வேயின், அதாவது அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கிரீன்வரை போகும் புல்பாதையின், நடுவையும் கிறவல் ரோட்டின் முதுகுபோல மெல்ல உயர்த்தி, இரு பக்கமும் நூறு அடிக்கு இரண்டடி சரிவு கொடுத்திருக்கிறார். ஓரத்தில் தண்ணீர் ஓட ஆழமில்லாத அகலமான பள்ளமாகத் தாழி. தாழியில் புல் நிற்கிறது, பந்து விழுந்தாலும் அடித்து எடுக்கலாம். கண்ணால் பார்த்தால் இந்தச் சரிவு தெரியவே தெரியாது. நடந்தால் தெரியும், மழை பெய்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கிரீன்களை மட்டும் இரண்டடியிலிருந்து நாலடிவரை உயர்த்தியிருக்கிறார். கீழே பத்து சென்ரிமீற்றர் சல்லி, அதற்கு மேல் முப்பது சென்ரிமீற்றர் மணல். அமெரிக்கக் கோல்ப் சங்கம் சொல்லும் கணக்கு அது. மூன்றாம் கிரீனில் மழைக்கு மறுநாள் நான் கேட்ட சத்தம் அந்தச் சல்லிக்குள்ளால் போன தண்ணீர்தான்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

முதல் குழி 310 யார். ஃபெயார்வே 55 யார் அகலம், பார்த்தால் மாடு மேய்க்கும் வெட்டைபோல விரிந்து கிடக்கிறது. பந்தை எங்கேயும் அடிக்கலாம் போலத் தோன்றும். சரியாக 190 யாரில், நட்ட நடுவில், ஒரே ஒரு மணல்குழி. இடது பக்கம் இடம் அதிகம், பயமில்லாமல் அடிக்கலாம். ஆனால் அங்கிருந்து பார்த்தால் கிரீனின் வாயை இன்னொரு மணல்குழி மறைத்து நிற்கும். வலது பக்கம் ஒடுக்கம், வாய்க்கால் ஓரமாகத் துணிந்து அடித்தவனுக்குக் கிரீன் முழுதாகத் திறந்து தெரியும். பழைய முறை மைதானத்தின் அடிப்படையே இதுதான். புதிதாக ஆடுகிறவனையும் தண்டிப்பதில்லை, ஐந்து தடவை அடித்துப் போய்ச் சேர்ந்துவிடுவான். நாலு தடவையில் முடிக்க நினைப்பவன்தான் யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்கு மலையும் தேவையில்லை, குளமும் தேவையில்லை. சரியான இடத்தில் ஒரு மணல்குழியும், கொஞ்சம் கோணலாக வைத்த ஒரு கிரீனும் போதும்.

இரண்டாம் குழியைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். அங்கே பழைய வயல் வரம்பு ஒன்றை உடைக்காமல் விட்டிருக்கிறார். ஒன்றரை அடி உயரம்தான், ஃபெயார்வேயைச் சாய்வாகக் குறுக்கறுத்துப் போகிறது. கிரீனுக்கு நாற்பது யார் முன்னால் அது முடிகிறது. தூரத்திலிருந்து பார்க்கும்போது வரம்பும் கிரீனும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும், இடையிலுள்ள நாற்பது யாரை வரம்பு விழுங்கிவிடும். முதல் தடவை நான் ஏமாந்தேன். வரம்பைத் தாண்டினால் போதும் என்று அளவாக அடித்தேன், பந்து கிரீனுக்கு முப்பது யார் இப்பால் நின்றுவிட்டது. என் பையைத் தூக்கிக்கொண்டு வந்த கேடிப் பையன், "ஐயா, வரம்பப் பாக்காதீங்க, கொடியப் பாத்து அடிங்க. எல்லாரும் இஞ்ச இப்பிடித்தான்" என்றான். மட்டமான நிலத்தில் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. அதை ஒரு குறையாக எடுக்காமல் ஆட்டமாக மாற்றியிருக்கிறார் பாருங்கள். அதுவும் எந்தக் காலத்திலோ எந்தப் போடியார் வயலுக்கோ மண்வெட்டியால் அணைத்த வரம்பை வைத்துக்கொண்டு.

இரண்டாம் குழியும் ஏழாம் குழியும் ஒரே கிரீனில் முடிகின்றன. எதிர் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்து சேரும் பெரிய கிரீன், இரண்டு கொடிகள். செயின்ட் அன்ட்ரூஸில் ஏழு இரட்டைக் கிரீன்கள் இருக்கின்றன, சேரும் குழி எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். இங்கே ஒன்பது குழி என்பதால் இரண்டும் ஏழும் ஒன்பது. என் பேத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். அவள் கணக்குப் பிள்ளை.

மூன்றாம் குழி இந்த மைதானத்தின் உயிர். 160 யார், பார் மூன்று. ரெடான் என்று ஒரு பழைய வடிவம் உண்டு. ஸ்கொட்லாந்தில் நோர்த் பெரிக் என்ற ஊரின் பதினைந்தாம் குழியிலிருந்து வந்தது. கிரீன் நேராக முன்னால் இருக்காது, வலது முன்பக்கம் உயர்ந்து, இடது பின்பக்கமாகச் சரிந்து போகும். இடது முன்பக்கத்தில் ஆழமான மணல்குழி. கொடியை நேரே பார்த்து அடித்தால் அந்த மணல்குழிக்குள் போகும், அதைத் தாண்டினாலும் பின்னால் ஓடிவிடும். வலது தோளில் பந்தை விழுத்த வேண்டும், மிச்சத்தை நிலம் பார்த்துக்கொள்ளும். உயர்த்திய மண் நாலடிதான். நாலடியில் இவ்வளவு செய்ய முடியுமா என்று மூன்று தடவையும் நின்று பார்த்தேன். கேடிப் பையன்கள் இதை "வாய்க்கால் அடி" என்கிறார்கள். மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் தானாகக் கடைசி வயலுக்குப் போவதுபோலப் பந்து போகும் என்பதால். எவ்வளவு தேடினாலும் இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

ரெடான் என்பது கோட்டை அரண் வகை ஒன்றின் பெயர், கிரிமியப் போரில் பேர்பெற்ற சொல். இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணல்குழிக்குக் கோல்ப்பில் பங்கர் என்று பெயர். எங்கள் ஊரில் பங்கர் என்றால் வேறு. வீட்டுக்குப் பின்னால் வெட்டித் தென்னங்குற்றி அடுக்கி, ஷெல் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும் இடம். என் மூத்த மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்படி ஒன்றில் ஒரு முழு இரவு இருந்திருக்கிறோம். இந்த மைதானத்தில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. எழுதிக் கொடுக்கும் அட்டையிலும் "மணல்குழி" என்றுதான் இருக்கிறது. ஊர்ப் பெண்கள் வந்து புல் வெட்டுகிறார்கள், அவர்கள் காதில் அந்தச் சொல் விழ வேண்டாம் என்று உரிமையாளர் முதல் நாளே சொல்லிவிட்டாராம். நான் எந்த மைதானத்திலும் இப்படி ஒரு கவனத்தைப் பார்த்ததில்லை. வேலை தொடங்குமுன் கண்ணிவெடி அகற்றிய பதிவுகளையும் தேடி எடுத்துப் பார்த்த பிறகுதான் மண்ணில் கை வைத்ததாகச் சொன்னார்.

புல்லைப் பற்றிச் சொல்கிறேன். வெளிநாட்டில் பெர்முடா புல் என்று பெரிய விலைக்கு விற்பது எங்கள் அறுகம்புல்தான், ஒரே இனம். பிள்ளையாருக்கு வைக்கிறோமே, அதுதான். பொத்துவிலுக்குப் பக்கத்தில் ஒரு குடாவுக்கு அறுகு என்றே பெயர் இருக்கிறது. வெயிலைக் குடித்து வளரும், மிதித்தால் சாகாது, வெட்ட வெட்ட அடர்ந்து படரும். ஃபெயார்வேயில் ஊர் அறுகையே நட்டிருக்கிறார், வயல் வரம்பிலிருந்து வெட்டிய துண்டுகள். கிரீனில் மட்டும் தாழ வெட்டுவதற்கு ஏற்ற ஒட்டு ரகம். ஓகஸ்ட்டில் கச்சான் காற்று சுடச்சுட அடித்தபோது ஃபெயார்வே பழுத்து மஞ்சளாக இருந்தது. சிலர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. காய்ந்த நிலத்தில் பந்து நாற்பது யார் கூட ஓடும், என்னைப்போல அறுபதை நெருங்கும் ஆளும் நீளமாக அடிக்கலாம், நிலத்தோடு உருட்டி விளையாடலாம். எந்நேரமும் பச்சையாக வைத்திருக்க வேண்டும் என்று தண்ணீர் இறைத்திருந்தால் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும். கிரீனுக்கும், முதல் அடி அடிக்கும் டீ என்ற இடத்துக்கும் மட்டும் தண்ணீர் விடுகிறார். அது சரியான முடிவு, இனிமேலும் மாற்றக் கூடாது.

காற்றையும் கணக்கில் எடுத்திருக்கிறார். அடுத்தடுத்து இரண்டு குழிகள் ஒரே திசையில் போவதில்லை. ஓகஸ்ட்டில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது ஐந்தாம் குழி, 470 யார், முதுகில் காற்றோடு பறந்து முடிந்தது. அதே குழியில் டிசம்பரில் வாடைக்காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளி என் பந்தை வலப்பக்கத் தாழிக்குள் கொண்டுபோய் விட்டது. வடிச்சல் வாய்க்கால் அந்தக் குழியில் பாம்புபோல இரண்டு தடவை குறுக்கே வருகிறது. மூன்று அடி அகலம்தான், எட்டி வைத்துத் தாண்டலாம். ஆனால் அது எந்த இடத்தில் குறுக்கே வருகிறதோ, அந்த இடத்தில்தான் நல்ல அடி ஒன்று போய் விழும்.

இனிக் குறைகள். நல்ல இடம் இன்னும் நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில்தான் சொல்கிறேன். உரிமையாளரிடமும் நேரே சொல்லிவிட்டேன்.

ஆறாம் குழி. 140 யார், மேற்கே பார்த்து அடிக்க வேண்டும், முன்னால் முழுக்கக் குளம். கிரீன் உயர்த்த எடுத்த மண்ணெல்லாம் அந்தப் பள்ளத்திலிருந்து வந்தது, அதனால் குளம் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் கிரீனுக்கு விடுவதும் அதிலிருந்துதான். பிழை எங்கே என்றால், கரை கிரீனின் முன் உதடுவரை வந்துவிட்டது, சுற்றிப் போக வழியே இல்லை. 110 யார் பந்து ஆகாயத்திலேயே போக வேண்டும். கச்சான் எதிரே அடிக்கும்போது 130 யார் அடித்தால்தான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். முன்டீயிலிருந்துகூட 85 யார். என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. முதல் ஐந்து குழியும் சிரித்துக்கொண்டே ஆடினாள், மூன்றாம் குழியில் வலது தோளில் விழுத்திக் கொடிக்குப் பத்தடியில் நிறுத்தினாள். ஆறாம் குழியில் நாலு பந்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு, "அம்மப்பா, நான் இதுல ஆடல்ல" என்று பையைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு அந்தக் குழி கொடுத்த தெரிவு ஒன்றுமே இல்லை. மற்ற எட்டுக் குழியிலும் பலவீனமானவனுக்கு ஒரு வழி, பலமானவனுக்கு ஒரு வழி என்று வைத்த மனிதர் இங்கே மட்டும் அழகுக்காக மறந்துவிட்டார். இடது கரையில் முப்பது யார் அகலத்துக்கு மண் நிரப்பி, கிரீனின் இடது வாயைத் திறந்துவிட்டால் போதும். போதாததற்கு, வெள்ளக் காலத்தில் இந்தப் பக்கத்துக் குளங்களுக்கு முதலை வந்து சேர்வது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பந்து பொறுக்கப் பையன்கள் இறங்குகிறார்கள். மாரி முடியும்வரை ஒருவரையும் இறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

எட்டாம் குழியைச் சுற்றி நாலு மண்மேடுகள் போட்டிருக்கிறார். குப்புறக் கவிழ்த்த பானைகள்போல ஒரே உயரம், ஒரே இடைவெளி. அலிஸ்டர் மெக்கென்சி என்று ஒரு மருத்துவர், போயர் யுத்தத்தில் எதிரிகள் தங்கள் அரண்களை நிலத்தோடு நிலமாக மறைத்ததைப் பார்த்தவர், பிறகு பெரிய மைதானங்களை அமைத்தார். மனிதன் செய்தது இயற்கையிலிருந்து பிரித்தறிய முடியாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்த நாலு மேட்டையும் நூறு யாருக்கு அப்பாலிருந்தே பிரித்தறியலாம். கடற்கரைக்குப் போய் மணல்மேடு எப்படி ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் வெட்டி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு வந்து, இரண்டை அழித்து, இரண்டை இழுத்து விட்டால் சரியாகிவிடும். ஒரு டோசருக்கு அரை நாள் வேலை.

நாலாம் குழியில் தண்ணீர் நிற்கிறது. டிசம்பரில் எல்லா இடமும் வடிந்தபோது அங்கே மட்டும் வலப்பக்கம் கணுக்கால் அளவு. தாழியின் வாய் பிரதான வாய்க்காலைவிடத் தாழ்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று, ஒன்பதாம் குழியின் தெற்குப் பக்கம் வரிசையாகச் சவுக்கு நட்டிருக்கிறார். இப்போது இடுப்பளவு. பத்து வருடத்தில் நிழல் முழுக்கக் கிரீனில் விழும், அறுகு நிழலில் நிற்காது. மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வடக்குப் பக்கம் மாற்றி நடட்டும், வரிசையாக இல்லாமல் மூன்று நாலாகச் சேர்த்து நடட்டும்.

குழியைப் பற்றியும் ஒரு சின்ன விஷயம். கோல்ப் குழியின் அகலம் 108 மில்லிமீற்றர், ஆழம் குறைந்தது 101.6. இங்கே பி.வி.சி குழாய்த் துண்டை இறக்கியிருக்கிறார்கள், நாடா வைத்துப் பார்த்தேன், 110 வருகிறது. நாளாந்த ஆட்டத்துக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. போட்டி ஏதும் வைப்பதென்றால் சரியான கிண்ணம் வாங்கிப் போட வேண்டும்.

ஒன்பது குழிக்குக் கட்டணம் 2,000 ரூபா, மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பதினாறு வயதுவரை இலவசம். மட்டைகள் வாடகைக்கு உண்டு, பழையவைதான், ஆனால் பிடி புதிதாகச் சுற்றியிருக்கிறார்கள். கேடிக்குத் தனியே 1,000, அது முழுக்கப் பையனின் கைக்குத்தான் போகிறது, கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பையன்களுக்குத் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொடுக்கிறார்கள், மத்தியானம் ஆடியவர்களும் அவர்களும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். வாவி இறால் குழம்பு, சோறு, கடைசியில் எருமைத் தயிர். நான் பை தூக்கிய காலத்தை நினைத்துக்கொண்டு அந்த மேசையில் இருந்தேன். கழிவறை சுத்தம். குடிதண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோவது நல்லது, கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர்.

போக நல்ல காலம் மாசி முதல் சித்திரைவரை. பந்து ஓடுவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆடி, ஆவணியில் விடியற்காலை போங்கள், பத்து மணிக்குப் பிறகு கச்சான் தொடங்கிவிடும். நவம்பர், டிசம்பரில் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

போன கிழமை உரிமையாளர் தொலைபேசி எடுத்தார். ஆறாம் குழியின் இடது கரைக்கு மண் கொண்டுவரப் பேசிவிட்டாராம், சவுக்கையும் தை பிறந்ததும் கிளப்புகிறாராம். மறுகா, நாலாம் குழித் தாழியைப் பற்றிக் கேட்டார். தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயமில்லை அது என்றேன். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஓய்வு பெற்றபோது வாங்கிவைத்த பழைய மட்டக்கோலை நேற்றுத்தான் கூரைக்குள்ளிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன். இந்த முறை பேத்திதான் பிடிக்கப் போகிறாள், கருவிக்குப் பின்னால் நான் நிற்கப் போகிறேன்.